கடற்கரைச் சாலையில் ஒரு கறுப்புப் புள்ளி

2012 ஜூன் 6. விடியற்காலை நாலரை மணிக்கே புதுச்சேரி கடற்கரைச் சாலைக்கு வந்து, காந்தி சிலையைத் தாண்டி, கூட்டம் இடிக்காத ஒரு மூலையில் டிரைபாடை விரித்துவிட்டேன். கூட வந்த தம்பி பத்திரிகை வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. டார்ச் பிடித்துக்கொண்டு நின்றவன், லென்ஸ் முன்னால் ஃபில்டரைச் சுற்றியிருந்த கறுப்பு டேப்பை நான் மூன்றாவது முறையாக விரலால் நீவிப் பார்ப்பதைக் கவனித்து, “அண்ணே, அதுதான் நல்லா ஒட்டியிருக்கே” என்றான். ஒட்டித்தான் இருந்தது. நாலாவது முறையும் நீவினேன்.

அன்றைக்கு வெள்ளி இடைநகர்வு. வெள்ளிக் கோள் சூரியனுக்கும் நமக்கும் நேர் நடுவே வந்து, சூரிய வட்டத்தின்மேல் கறுப்புப் புள்ளியாக ஊர்ந்து போகும். எட்டு வருட இடைவெளியில் இரண்டு முறை வரும், அப்புறம் நூறு வருடத்துக்கு மேல் வராது. 2004-ல் ஒன்று வந்து போனது. இதை விட்டால் 2117 டிசம்பர்தான். நம் ஊரில் சூரியன் உதிக்கும்போதே வெள்ளி அதன்மேல் இருக்கும், காலை 10.20 வாக்கில் விலகிவிடும். கோட்டைவிட்டால் மறுபடி எடுக்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

டேப்பை நீவும் பழக்கம் வந்த கதையைத் தம்பியிடம் அங்கேயே சொன்னேன். 2010 ஜனவரி 15 அன்று கங்கண சூரிய கிரகணம், அதாவது நிலாவைச் சுற்றிச் சூரியன் வளையமாகத் தெரிவது. தனுஷ்கோடி மணலில் நின்று எடுத்தேன். சூரிய வெளிச்சத்தைக் குறைக்கும் ஃபில்டர் ஷீட்டை லென்ஸ் வாயில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருந்தேன். மதியம் ஒன்றேகால் மணி வாக்கில் வளையம் பிடித்தது. சுமார் பத்து நிமிடம் நிற்கும். கார்டு மாற்றக் குனிந்த நேரத்தில் காற்று ஷீட்டைப் பிடுங்கிக்கொண்டு போயிருக்கிறது. நிமிர்ந்தவன் லென்ஸ் முனையைப் பார்க்காமல் நேராக வியூஃபைண்டரில் வலது கண்ணை வைத்தேன்.

ஒரு வெள்ளை அறை. அவ்வளவுதான். கண் தானாக மூடி, தலை தானாகப் பின்னால் போய்விட்டது. கிரகணம்தானே, மறைந்துதானே இருக்கிறது என்று தோன்றும். அன்றைக்கு நிலா மறைத்தது போகச் சூரியனில் ஆறில் ஒரு பங்கு மிச்சமிருந்தது. அந்த மிச்சமும் டெலி லென்ஸ் வழியாகக் குவிந்து வந்தால் கண் தாங்காது.

இதில் பயங்கரம் என்னவென்றால், வலிக்கவே இல்லை. மீதிப் படங்களை எடுத்து, அனுப்பி, சாப்பிட்டு, தூங்கினேன். மறுநாள் காலை பேப்பரை விரித்தால், எந்த எழுத்தைப் பார்க்கிறேனோ அந்த எழுத்து மட்டும் சாம்பல் திட்டாக மறைந்தது. விழித்திரைக்கு வலி தெரியாது என்று கண் டாக்டர் சொல்லித்தான் அறிந்தேன். வெந்தது தெரிவதற்குள் மணிக்கணக்காகிவிடும். அதைச் சரிசெய்ய மருந்தும் கிடையாது, தானாக ஆறினால் உண்டு. இரண்டு மாதத்தில் பெரும்பாலும் ஆறியது. இன்றைக்கும் இடது கண்ணை மூடிக்கொண்டு கட்டம் போட்ட தாளைப் பார்த்தால், நடுவில் ஒரு கோடு லேசாக வளைகிறது. ஆபீசில் யாரிடமும் அப்போது நான் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். அடுத்த கிரகணத்துக்குப் போகிறவன் உஷாராக இருந்திருப்பான்.

அதனால் வெள்ளி இடைநகர்வுக்கு ஒரு மாதம் முன்பே உட்கார்ந்து வேலை பார்த்தேன். சார்ட் அட்டையை லென்ஸ் ஹூடைச் சுற்றி உருட்டிக் குழல் செய்து, இரண்டு அட்டை வளையங்களுக்கு நடுவே சோலார் ஃபிலிமை வைத்து ஒட்டி, சம்படத்து மூடி மாதிரி இறுக்கமாக மாட்டும்படி செய்தேன். ஃபிலிமை விறைப்பாக இழுக்கக் கூடாது, சுருக்கம் இருந்தால் பரவாயில்லை. இருட்டறையில் பல்புக்கு நேராகப் பிடித்து ஊசித்துளை இருக்கிறதா என்று பார்த்தேன். இந்த ஃபிலிமில் இரண்டு வகை உண்டு. அடர்த்தி 5 என்பது லட்சத்தில் ஒரு பங்கு வெளிச்சத்தைத்தான் விடும். 3.8 என்பது அதைப்போல் சுமார் பதினாறு மடங்கு விடும், அது கேமராவுக்கு மட்டும், கண்ணுக்கு ஆகாது. பார்வைக்கு இரண்டும் ஒரே வெள்ளிக் காகிதம். நான் 5-ஐ மட்டுமே வாங்கினேன், பையில் மாறிப்போகும் வாய்ப்பே வேண்டாம் என்று. கடைசியாக வியூஃபைண்டரின்மேலும் டேப் ஒட்டிவிட்டேன். பார்ப்பதெல்லாம் பின்திரையில், லைவ் வியூவில்தான்.

விடிந்தது. கடல்மேல் மேகம். ஆறேகால் வரைக்கும் ஒன்றும் இல்லை. அப்புறம் மேகத்தின் விளிம்பில் செம்பழமாக ஒரு துண்டு தெரிந்தது. பக்கத்தில் நின்ற ஒருவர் ஃபில்டர் இல்லாமலே கேமராவைத் தூக்கினார். “சார், கண்ணுல வைக்காதீங்க” என்று கத்தியேவிட்டேன். சிவப்பாக இருக்கும்போது சாதுவாகத்தான் தெரியும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு நிறைய வந்துகொண்டே இருக்கும், கண்ணும் கூசாது.

வியூஃபைண்டரை அடைத்துவிட்டு சூரியனை எப்படிப் பிடிப்பது என்று தம்பி கேட்டான். நிழலைப் பார் என்றேன். லென்ஸின் நிழல் பின்னால் தரையில் நீளமாக விழும். டிரைபாட் தலையைத் திருப்பத் திருப்ப அந்த நிழல் சுருங்கி, மிகச் சின்னதாகும் இடத்தில் லென்ஸ் நேராகச் சூரியனைப் பார்க்கும். அவனே திருப்பினான். திரையில் சூரியன் வந்து உட்கார்ந்தது. விளிம்பைப் பெரிதாக்கி ஃபோகஸ் செய்து, லென்ஸின் ஃபோகஸ் வளையத்தையும் டேப் போட்டு நிறுத்தினோம். சூரியன் ஏறியபின் கேமராவில் வைத்தது ஐஎஸ்ஓ 100, எஃப் 8, நொடியில் 250-ல் ஒரு பங்கு. வெளிச்சத்தை அதைவிட ஒரு படி கூட்டியும் குறைத்தும் ஒவ்வொரு படம். 400 மில்லிமீட்டர் லென்ஸில் சென்சார்மேல் சூரியன் விழுவது நாலு மில்லிமீட்டருக்கும் குறைவு. வெள்ளி அதில் முப்பதில் ஒரு பங்கு. சூரியப் புள்ளிகள் ஓரம் கலங்கிய பழுப்பாக இருக்க, வெள்ளி மட்டும் வைத்த பொட்டு மாதிரி திருத்தமான கறுப்பு வட்டம்.

அதற்குள் நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் சூழ்ந்துவிட்டார்கள். பேத்தியோடு வந்த ஒரு அம்மா கையில் பழைய எக்ஸ்ரே ஃபிலிம். “தம்பி, கிரகணத்துக்கெல்லாம் இதுலதான் பார்ப்போம்” என்றார். வேண்டாம்மா என்று வாங்கி வைத்துக்கொண்டு, பைனாகுலரின் ஒரு வாயை மூடி, இன்னொன்றின் வழியாக வெள்ளை அட்டையில் சூரியனை விழவைத்துக் காட்டினேன். ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு வெளிச்ச வட்டம், அதில் கடுகு மாதிரி வெள்ளி. பேத்தி விரலால் தொட, புள்ளி அவள் நகத்தின்மேல் ஏறிக்கொண்டது. குனிந்து பைனாகுலருக்குள் பார்க்கப் போனவர்களைத் தடுக்கத் தம்பியைக் காவலுக்கு நிறுத்தினேன்.

இதே புதுச்சேரியில் லெ ஜான்தீல் என்ற பிரெஞ்சு வானியலாளர் இதற்காகவே காத்திருந்தார். 1761 இடைநகர்வைப் பார்க்க அவர் வந்து சேர்வதற்குள் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. கடலில், ஆடும் கப்பலிலிருந்து பார்த்தது துல்லியமாக அளக்க உதவவில்லை. எட்டு வருடம் இந்தப் பக்கமே தங்கி, இங்கே ஆய்வுக்கூடம் கட்டி, 1769 ஜூன் 4 காலை தொலைநோக்கியோடு நின்றார். சரியாக அந்த நேரத்துக்கு மேகம் மூடியது. எல்லாம் முடிந்ததும் சூரியன் பளிச்சென்று வந்தது. ஆறேகால் மணி வரை மேகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றபோது அவர் நினைப்புத்தான் எனக்கு. அவர் வயிறு எப்படி எரிந்திருக்கும்! அந்த மேகம் எனக்கும் விலகாமல் இருந்திருந்தால் படம் இல்லை என்று போன் போட்டுச் சொல்லியிருப்பேன். ஃபில்டரைக் கழற்றி, மேகத்தின் நடுவே ஏதாவது தேறுமா என்று கண்ணை வைத்திருக்க மாட்டேன்.

எட்டு மணிக்கு அனுப்பிய படத்துக்குப் பக்க வடிவமைப்பாளரிடமிருந்து போன்: “சார், சென்சார்ல தூசி போல. க்ளீன் பண்ணிடவா?” ஐயோ, அதுதான் செய்தி என்றேன். படத்தின் கீழே, வெறும் கண்ணால் பார்க்க வேண்டாம் என்ற வரியைச் சேர்க்கவும் கேட்டுக்கொண்டேன். இடமில்லை என்றவர், என் பெயரை எடுத்துவிட்டு அதைப் போடுங்கள் என்றதும் சேர்த்துவிட்டார்.

பத்து மணி தாண்டியதும் வெள்ளி விளிம்பைத் தொட்டது. 10.20-க்குச் சூரியன் பழையபடி முழு வட்டம். தம்பி சந்தோஷத்தில் டேப்பைப் பிரிக்கக் கை வைத்தான். கையைப் பிடித்துக்கொண்டேன். முதலில் டிரைபாட் தலையைத் திருப்பி, லென்ஸைத் தரையை நோக்கிச் சாய்த்தோம். கேமராவை ஆஃப் செய்தோம். அப்புறம்தான் அவன் டேப்பை உரித்தான்.