தனுஷ்கோடி சாயல்குடிக்குப் போன கதை

பிளஸ் கோடு (Plus Code) என்பது முகவரி போல ஓர் இடத்தைக் குறிக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடு. அதைச் சுருக்கி அனுப்பும்போது முதல் 4 எழுத்தை விட்டுவிட்டு ஊர்ப்பெயரைச் சேர்க்கிறோம். அதை முழுக் கோடாக்க, ஊரின் 4 எழுத்தை முன்னால் ஒட்டினால் போதும் என்று நிரல் எழுதும் சில தம்பிகள் நினைக்கிறார்கள். நம் ராமநாதபுரம் மாவட்டக் கரையில் அது வேலைக்கு ஆகாது.

அந்த 4 எழுத்து குறிப்பது 1 டிகிரிக்கு 1 டிகிரி கட்டம். 79 டிகிரி தீர்க்கரேகை ஏறக்குறைய உச்சிப்புளி பக்கம் நம் மாவட்டத்தை வெட்டுகிறது. ராமநாதபுரம் ஒரு கட்டம், பாம்பன் அடுத்த கட்டம். ராமநாதபுரத்து எழுத்தைப் பாம்பன் கோடில் ஒட்டினால் இடம் சுமார் 110 கிலோமீட்டர் மேற்கே போய்விடும். அங்கே பாலமும் இல்லை, கடலும் இல்லை!

கூகுள் திறந்த மூலமாகக் கொடுத்திருக்கும் 'ரெக்கவர் நியரஸ்ட்' (recoverNearest) என்ற நிரல் இதைக் கவனித்துக்கொள்கிறது. சுருக்கிய கோடோடு ஒரு குறிப்பு இடத்தையும், அதாவது பக்கத்து ஊர் ஒன்றின் இருப்பிடத்தையும், அதற்குக் கொடுக்க வேண்டும். குறிப்பு இடத்தின் 4 எழுத்தை ஒட்டிப் பார்த்து, கிடைத்த இடம் குறிப்பு இடத்திலிருந்து அரை டிகிரிக்கு மேல் விலகினால் பக்கத்துக் கட்டத்துக்கு நகர்த்தும். ராமநாதபுரத்தைக் குறிப்பு இடமாகக் கொடுத்தாலும் பாம்பன் சரியாக வரும். ஆனால் தனுஷ்கோடி அரிச்சல்முனை? ராமநாதபுரத்திலிருந்து அது அரை டிகிரியைத் தாண்டிவிடுகிறது. ராமநாதபுரத்து எழுத்தை ஒட்டினால் கிடைக்கும் சாயல்குடிப் பக்கமோ அரை டிகிரிக்குள்ளேயே இருக்கிறது. எனவே நிரல், கிட்டே இருக்கிறதே என்று நகர்த்தாமல் சாயல்குடிப் பக்கத்தையே காட்டும். நிரலைக் குறை சொல்ல முடியாது, கேட்டதைத்தான் செய்தது.

குறிப்பு இடமாக ராமேஸ்வரத்தைக் கொடுங்கள். ஆளின் ஜிபிஎஸ் இருப்பிடத்தைக் கொடுத்தாலும் சரிதான், ஆனால் ஆள் மதுரையில் உட்கார்ந்திருந்தால் அதுவும் கைவிடும். மாவட்டத் தலைநகரை மட்டும் நிரலுக்குள் நிரந்தரமாக எழுதி வைக்காதீர்கள், தம்பிகளா.