ஒன்பதாம் நாளுக்குள்

ஜூலை 16
கர்ப்பிணி, 21 வாரம். சிபிலிஸ் (பால்வினை நோய்). ரத்தச் சோதனை ஆர்.பி.ஆர். 1:16, அதாவது 16 மடங்கு நீர்த்தும் பாசிட்டிவ். உறுதிப்படுத்தும் டி.பி.எச்.ஏ.வும் பாசிட்டிவ். புண் எதுவும் இல்லை. எப்போது தொற்றியதென்று அவருக்கே தெரியாது. அப்படியானால் ஒரு ஊசி போதாது, வாரத்துக்கு ஒன்றாக மூன்று. பென்சத்தீன் பென்சிலின் 24 லட்சம் யூனிட், இடுப்பில் பக்கத்துக்கு 12 லட்சம். மருந்து சுண்ணாம்புப் பால் மாதிரி. கலக்கிக் குலுக்கிய கையோடு, நிதானமாக, நிறுத்தாமல் ஏற்ற வேண்டும். பாதியில் நின்றால் ஊசி அடைத்துக்கொள்ளும். ரத்தக் குழாய்க்குள் போனால் இதயமே நிற்கலாம்.

ஜூலை 17
இரவு காய்ச்சல், வயிறு இறுக்கம். ஒவ்வாமை இல்லை, கிருமிகள் மொத்தமாகச் சாவதால் வருவது. ஒரு நாளில் அடங்கும். பாராசிட்டமால். வலி விட்டுவிட்டு வந்தாலோ அசைவு குறைந்தாலோ உடனே வரச் சொல்லியாயிற்று. இதற்குப் பயந்து அடுத்த ஊசிக்கு வராமல் போவார்களே, அதுதான் பயம்.

ஜூலை 19
கணவர் வரவில்லை.

ஜூலை 23
இரண்டாவது ஊசி. “மாத்திரையா குடுக்க மாட்டீங்களா?” எரித்ரோமைசின் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போதிய அளவு போகாது. டாக்சிசைக்ளின் கர்ப்பத்தில் கூடாது. பென்சிலின் ஒவ்வாதவர்களுக்கும் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து, துளித்துளியாகப் பழக்கி, அதே பென்சிலின்தான்.

ஜூலை 26
லேபில் வேறொருவரின் சீரம், அதே ஆர்.பி.ஆர். நேரடியாகப் போட்டால் நெகட்டிவ், நீர்க்கச் செய்தால் பாசிட்டிவ். ரத்தத்தில் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) அளவுக்கு மிஞ்சினால் திரிதிரியாகத் திரளாது. சந்தேகம் இருந்தால் நீர்க்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.

ஜூலை 30
வரவில்லை. ஆடித் திருவிழாவாம், அம்மா ஊரில். இடைவெளி 7 நாள். கர்ப்பிணிக்கு 9 தாண்டினால் மூன்றும் மறுபடி முதலிலிருந்து. வியாழன் கடைசி.

ஜூலை 31
போன் எடுக்கவில்லை. பிரசவத்துக்கு ஒரு மாதம் முன்பாவது சிகிச்சை முடிந்திருக்க வேண்டும். இல்லையேல் செத்துப் பிறப்பது, உடலெங்கும் நீர்கோத்துப் பிறப்பது, குறைமாதம். நன்றாகப் பிறந்து சில வாரம் கழித்து மூக்கொழுகி, உள்ளங்கை உரிந்து வருவதும் உண்டு. சளி என்று விட்டுவிடுவார்கள்.

ஆகஸ்ட் 1
வந்துவிட்டார். மூன்றாவது ஊசி. எட்டு வாரம் கழித்து ஆர்.பி.ஆர். பிரசவத்துக்குள் நான்கு மடங்கு இறங்காவிட்டால் சிகிச்சை தோற்றதென்று அர்த்தமில்லை. 1:64க்கு ஏறினால் மறுதொற்று அல்லது சிகிச்சை தோல்வி. பிறந்ததும் சோதனைக்குக் குழந்தையின் ரத்தக் குழாயிலிருந்து ரத்தம், தொப்புள்கொடியிலிருந்து வேண்டாம், தாயின் ரத்தம் கலந்துவிடும். கார்டில் பெரிதாக எழுதவில்லை, மாமியார் படிப்பார்.

ஆகஸ்ட் 6
கணவர் 1:32. இன்றே முதல் ஊசி. ஆணுறை.