வீடு கேட்டு வந்தவர்கள் – தண்டையார்பேட்டை நாட்குறிப்பு

14-12-2024, சனி

வருகிற செவ்வாயோடு ‘காதல்’ படம் வந்து 20 வருஷம். ஞாபகப்படுத்தியது தம்பிதான். டி.எச். ரோட்டில் மெக்கானிக் கடை வைத்திருக்கிறவனுக்கு அந்தப் படம் எப்படி மறக்கும்? அதில் வருகிற முருகன் மதுரையில் வண்டி ரிப்பேர் பார்க்கிற பையன். ஸ்கூல் படிக்கிற ஐஸ்வர்யாவோடு சென்னைக்கு ஓடி வருகிறான்; பெண் வீட்டார் பிரித்து, அடித்துப் போடுகிறார்கள். ராத்திரி எட்டு மணிக்கு போனை டிவியோடு சேர்த்துப் படத்தைப் போட்டான். எங்கள் கூடத்தில் எட்டுப் பேர்: அம்மா, தம்பி, அவன் பெண்டாட்டி, கடைப் பையன்கள் இரண்டு பேர், எதிர் போர்ஷன் அத்தை, மாடி வீட்டுப் பாப்பா, நான். அம்மா பாதியிலேயே முதுகு வலிக்கிறது என்று படுக்கப் போய்விட்டாள்.

கடைசியில் அந்த சிக்னல். பரட்டைத் தலையும் அழுக்குமாக முருகன். கையில் குழந்தை, பக்கத்தில் கணவன் என்று ஐஸ்வர்யா. பைத்தியமாகிவிட்ட முருகனை அந்தக் கணவனே கூட்டிப்போய்ப் பார்த்துக்கொள்கிறான். படம் முடிந்ததும் கொஞ்ச நேரம் யாரும் எழுந்திருக்கவில்லை. அப்புறம் ஆரம்பித்த பேச்சு பன்னிரண்டு மணிக்கும் ஓயவில்லை. அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அந்தப் புருஷன் தெய்வம்மா” என்றார். “அத்த, தெய்வம் வந்து இன்னா புண்ணியம்? பையன் வாழ்க்கை போச்சே” என்று தம்பி கத்தினான். பாப்பா இரண்டு பேரையும் பார்த்து, “அந்தப் பொண்ணு ஸ்கூல் படிக்குது, அத யாருமே பேசலியே” என்றாள்.

எழுதி வைக்கத் தோன்றியது. இந்த வாரம் முழுக்க இதுதான் ஓடும் போலிருக்கிறது.

15-12-2024, ஞாயிறு

காலையில் இட்லிக்கு வடகறி வாங்கி வந்தவன் அதே பேச்சோடுதான் உள்ளே நுழைந்தான். தம்பிக்கு முதல் பாதி உயிர். ஒர்க்‌ஷாப்பை அப்படியே காட்டியிருக்கிறார்கள் என்பான்: கை ரேகைக்குள் இறங்கிய கிரீஸ், ஸ்பேனரை எடுத்துக் கொடுக்கிற பொடியன், கடை வாசலே உலகம் என்றிருக்கிற வாழ்க்கை. கடைப் பையன்களுக்கும் முருகனை விட அந்தப் பொடியன் கரட்டாண்டியைத்தான் பிடித்திருக்கிறது.

அவனுடைய சண்டை முடிவோடுதான். “அடி வாங்குனவன்லாம் பைத்தியமாவா ஆயிடுறான்? நானா இருந்தா மறுநாள் கடைய தொறந்திருப்பேன்க்கா. எங்க ஆளு அழுவுறதத் தவிர வேற எதுக்கும் லாயக்கில்லன்னு காட்டிட்டானுங்க.” அவன் கோபம் எனக்குப் புரிகிறது. படம் வந்த புதிதில் கடைக்கு வண்டி விட வருகிற அம்மாமார்கள், கூட வந்த மகளைப் பத்தடி தள்ளி நிற்க வைப்பார்களாம். அப்போது அவன் இன்னொருவர் கடையில் வேலை பார்த்த பையன். அந்தப் பார்வையை இன்றைக்கும் அவன் மறக்கவில்லை.

ஆனால் முடிவு மிகை என்று அவன் சொல்வதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. ரயிலில் கூட வந்த ஒருவர் சொன்ன உண்மைச் சம்பவம் என்றுதான் பாலாஜி சக்திவேல் சொல்லியிருக்கிறார். அதை விடுவோம். படம் வருவதற்கு முந்தின வருஷம், 2003 ஜூலையில், விருத்தாசலம் பக்கம் கண்ணகி, முருகேசன் என்ற இரண்டு பேருக்கும் விஷம் கொடுத்துக் கொன்றார்கள். வேறு வேறு சாதி, வீட்டுக்குத் தெரியாமல் கல்யாணம் செய்துகொண்டவர்கள். கடலூர் கோர்ட் தீர்ப்புச் சொல்ல 2021 ஆனது. படத்தில் முருகனை உயிரோடு விட்டார்களே, அதுவே இரக்கம் என்று தம்பியிடம் சொன்னேன். அவன் இட்லியைப் பிட்டுக்கொண்டு பேசாமல் இருந்தான்.

17-12-2024, செவ்வாய்

பாப்பா துணி அளவு கொடுக்க வந்தாள். வயது 19, சட்டம் படிக்கிறாள். மெஷின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினாள்.

“அக்கா, யூனிஃபார்ம் போட்ட பொண்ணு. அவனுக்கு வேலை, சம்பாத்தியம் எல்லாம் இருக்கு. இன்னைக்கு இது நடந்தா போக்சோ. 2012-ல வந்த சட்டம். பதினெட்டு ஆகலைன்னா அவ சம்மதிச்சாலும் சம்மதம் கிடையாது. அவதான் அவன் பின்னாலயே சுத்தினதாச் சொல்லிச் சொல்லி அவன நல்லவனாக்கிடுறாங்க.”

எனக்கு முதலில் சுருக்கென்றது. 2005 பொங்கலுக்கு முன்னால் தியேட்டரில் அழுதவள் நான். அப்போது எனக்கு 23. அந்தப் பெண்ணின் வயதை நான் யோசிக்கவே இல்லை. நா. முத்துக்குமார் வரிகளில் கரைந்துபோய் உட்கார்ந்திருந்தேன். அதில் பாடிய ஹரிசரணுக்கே அப்போது 17 வயதுதான் என்று பாப்பாவிடம் சொன்னேன். “பாட்டு நல்லாத்தான்க்கா இருக்கு. அதனாலதான் பயமா இருக்கு” என்றாள்.

அவள் சொல்வது நியாயம். ஆனால் அந்தச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு வேறு சாதிப் பையன் மேல் புகார் கொடுக்கிற அப்பாக்களும் இருக்கிறார்களே என்றேன். “அதுவும் வகுப்புல பேசியிருக்கோம்” என்றாள். இரண்டும் உண்மை. ஒன்றை வைத்து இன்னொன்றை அழிக்க முடியாது. போகும்போது, “பின் கழுத்து இறக்கமா வேணாம்க்கா” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

18-12-2024, புதன்

பொங்கல் ஆர்டர் இப்போதே குவிகிறது. பதினோரு பிளவுஸ் வெட்டினேன். வேறொன்றுமில்லை.

19-12-2024, வியாழன்

இதை எழுதாமல் மற்றதை எழுதி என்ன பிரயோஜனம்?

எல்லோரும் கடைசி சிக்னலைப் பற்றியே பேசுகிறார்கள். என்னை உறுத்துகிற இடம் நடுவில் இருக்கிறது. மதுரையிலிருந்து ஓடிவந்த இரண்டு பேரும் நம் சென்னையில் தங்க இடம் தேடி அலைகிறார்கள். முருகனின் நண்பன் ஸ்டீபன் இருப்பது ஆண்கள் தங்குகிற மேன்ஷன். அவளை அங்கே வைக்க முடியாது. கல்யாணம் ஆகாதவர்களுக்கு வீடு கிடைக்காது. வீடு கிடைக்க வேண்டும் என்பதற்காகவே அவசர அவசரமாகத் தாலி கட்ட வேண்டியிருக்கிறது. தங்கள் அறைக்கே வழியில்லாத மேன்ஷன் பசங்கள் கூடி நின்று அதைக் கொண்டாடுகிறார்கள். அந்த ஸ்டீபனாக நடித்தவரை இன்றைக்கும் காதல் சுகுமார் என்றுதான் சொல்கிறோம். ஐஸ்வர்யாவின் அப்பாவாக நடித்தவர் கடைசிவரை காதல் தண்டபாணி. ஜனங்கள் அவர்களை அந்தப் படத்தோடேயே வைத்துக்கொண்டார்கள்.

2006. என்ன மாதம் என்று நினைவில்லை, வெயில் காலம். எங்கள் காம்பவுண்டில் கடைசிப் போர்ஷன் காலி. சாயங்காலம் ஒரு பையனும் பெண்ணும் வந்தார்கள். திண்டிவனம் பக்கம் என்றான். அவள் தோளில் காலேஜ் பை, வேறு சாமான் கிடையாது. கழுத்தில் மஞ்சள் கயிறு, மஞ்சள் வெளுக்கவே இல்லை. நான் இஞ்ச் டேப்பைக் கழுத்தில் போட்டபடி வாசலில் நின்றிருந்தேன். அம்மா கேட்டாள்: “எந்த ஊரு? இன்னா ஆளுங்க? ரிஜிஸ்டர் பண்ண பேப்பர் கீதா?” இல்லை என்றதும், அட்வான்ஸ் பத்து மாச வாடகை என்றாள். மற்றவர்களிடம் ஐந்து மாசம்தான் வாங்கிக்கொண்டிருந்தோம். எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. அந்தப் பெண் தண்ணீர் கேட்டாள், சொம்பில் கொடுத்தேன். குடித்துவிட்டு கொருக்குப்பேட்டை ஸ்டேஷன் எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டு போனார்கள்.

படம் பார்த்து அழுது ஒன்றரை வருஷம்கூட ஆகவில்லை.

பாப்பாவிடம் இதைச் சொன்னேன். எல்லாக் கல்யாணத்தையும் பதிவு செய்யணும் என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்ததே 2009-ல்தான் என்றாள். எங்கள் அம்மாவிடமே தன் கல்யாணத்துக்குப் பேப்பர் கிடையாது.

22-12-2024, ஞாயிறு

மதியம் தம்பி வீட்டில் இல்லாத நேரம் பார்த்து, அம்மா பார்க்காமல் விட்ட பாதியைப் போட்டேன். சும்மாதான் போட்டேன் என்று சொல்ல மாட்டேன். அம்மா பார்க்க வேண்டும் என்றுதான் போட்டேன்.

அம்மாவுக்கு 71 வயது. காலை நீட்டி, கண் இமைக்காமல் பார்த்தாள். ஐஸ்வர்யாவின் சித்தப்பா நல்ல மனுஷன் மாதிரி வந்து, சேர்த்து வைக்கிறேன் என்று நம்ப வைத்து ஊருக்குக் கூட்டிப் போகிற இடம் வந்ததும், “பாத்தியா?” என்றாள்.

“என்னத்தம்மா?”

“தேடிக்கினு வந்துட்டானுங்க இல்ல? அன்னிக்கு நம்ப வூட்டுக்கும் வந்திருப்பானுங்க. உங்கப்பா ஆர்பர்ல நைட் ஷிப்டு. நீ வயசுப் பொண்ணு, தம்பி சின்னப் பையன். நாலு பேரு கட்டையோட வந்தா நான் எவன கூப்புட்றது? சொல்லு.”

அந்த இரண்டு பேரைப் பற்றி நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்கவில்லை.

ஒரு வாரமாக நான் எதை வைத்து அம்மாவைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேனோ, அதே படத்தை வைத்து அவள் தன் பக்கம் பேசிவிட்டாள். அவள் பயம் பொய்யில்லை. ஆனாலும் பத்து மாச அட்வான்ஸ் என்று சொன்னது பயத்தில் இல்லை, “இன்னா ஆளுங்க” என்ற கேள்விக்கு அந்தப் பையன் சொன்ன பதிலுக்குப் பிறகுதான். அதை அவளிடம் சொன்னேன். முதல் தடவையாகச் சொன்னேன். அம்மா பதில் பேசவில்லை. டிவியில் முருகனைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தார்கள்.

சிக்னல் வருவதற்குள் எழுந்து பின்பக்கம் போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்துக் காபி கொண்டுபோனேன். துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள்.

“அந்தப் பொண்ணு ஒத்தக் காதுலதான் கம்மல் போட்டிருந்துச்சு” என்றாள். “வழியில எங்கியோ வுழுந்துடுச்சு போல. சொல்லலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு.”

நான் அன்றைக்கு அவள் முகத்துக்கு நேரே சொம்பை நீட்டினவள். எனக்கு அந்தக் காது நினைவில் இல்லை.