தானாக விரியும் பக்கம்

பள்ளி மலருக்கு எழுதச் சொன்னதும் எனக்கு நினைவுக்கு வந்தது நம் பள்ளி நூலகத்தின் கடைசி அலமாரியில் இருந்த ஒரு தடித்த நாவல்தான். பிரெஞ்சு எழுத்தாளர் ஃபுளோபேர் எழுதிய 'மதாம் பொவாரி', ஆங்கில மொழிபெயர்ப்பு. மேசையில் வைத்துக் கையை எடுத்தால் அது தானாகவே ஓரிடத்தில் விரியும். நமக்கு முன்னால் படித்த அண்ணன்மார் செய்துவைத்த உபகாரம். மற்ற பக்கங்களெல்லாம் புதுசாக இருக்க, அந்தப் பக்கத்தின் ஓரம் மட்டும் விரல்பட்டுக் கறுத்திருக்கும்.

அதில் இருந்தது ஒரு குதிரை வண்டி. கல்யாணமான கதாநாயகி எம்மாவும் அவள் காதலன் லியோனும் ஏறுகிறார்கள், திரையை இழுத்துவிடுகிறார்கள், வண்டி ரூவான் நகரம் முழுக்கச் சுற்றுகிறது, வண்டிக்காரன் களைத்துப்போய் நிறுத்தப் பார்த்தால் உள்ளேயிருந்து அதட்டல் வருகிறது. அப்புறம் திரைக்கு அடியில் ஒரு கை வந்து கிழித்த காகிதத் துண்டுகளை வீசுகிறது. அவ்வளவுதான்! எதையோ தவறவிட்டோம் என்று அகராதியோடு மூன்று தடவை வாசித்தோம். அந்தக் காகித வரிக்குப் பக்கத்தில் யாரோ பென்சிலால் 'என்ன காகிதம்?' என்று எழுதியிருந்தார்கள். எங்களுக்கும் அதே சந்தேகம்தான்.

முழு நாவலையும் நான் வாசித்தது நாற்பது வயது தாண்டிய பிறகு. 1856இல் பாரிஸ் இதழ் ஒன்றில் தொடராக வந்தபோது ஆசிரியர் குழுவே பயந்துபோய் இந்த வண்டிக் காட்சியை வெட்டியிருக்கிறது. வெட்டியும் தப்பவில்லை, அடுத்த ஆண்டு ஜனவரியில் ஒழுக்கக்கேடான நாவல் என்று அரசு வழக்குப் போட்டது, பிப்ரவரியில் விடுதலை. அதே அரசு வழக்கறிஞர் பினார் அந்த ஆண்டே கவிஞர் பொதலேரையும் கூண்டில் ஏற்றினார், அவருக்கு அபராதம் விழுந்தது.

வழக்கு வந்தால் புத்தகம் விற்கும், சரி. ஆங்கில எழுத்தாளர் லாரன்ஸின் 'லேடி சாட்டர்லியின் காதலன்' 1960இல் லண்டனில் ஆபாச வழக்கிலிருந்து விடுதலையானதும் முதல் நாளே 2,00,000 பிரதி போயிற்று. "உங்கள் மனைவியோ வேலைக்காரர்களோ வாசிக்க விடுவீர்களா?" என்று அரசுத் தரப்பு நடுவர்களைக் கேட்டதே, அதை இன்று படித்தால் சிரிப்புத்தான் வருகிறது. ஆனால் அந்தப் பரபரப்புக்கு ஆயுள் எவ்வளவு? இன்று ஒரு கைபேசியில் வருவதோடு ஒப்பிட்டால் அந்த வண்டி பால்குடிக் குழந்தை. அதற்காகவா நான் இரண்டாம் தடவையும் எடுத்தேன்?

என்னைப் பிடித்து வைத்தவை அழுக்குப்படாத பக்கங்கள். விவசாயக் கண்காட்சி என்று ஓர் அத்தியாயம். மேலே, எம்மாவை மயக்கப் பார்க்கும் ரொடோல்ஃப் அவளிடம் விதி, ஆன்மா என்று உருகிக்கொண்டிருக்கிறான், கீழே மேடையில் எருவுக்குப் பரிசு அறிவிக்கிறார்கள், இரண்டு குரலும் மாறி மாறி வருகின்றன. ஃபுளோபேர் பாவம் புண்ணியம் எதுவும் பேசுவதில்லை. அதுதான் பினாருக்கும் ஆத்திரம் என்று நினைக்கிறேன், அவளைக் கண்டிக்க நாவலுக்குள் ஓர் ஆள்கூட இல்லை.

அப்புறம் அந்தக் காகிதம். முதல் நாள் இரவு எம்மா லியோனுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதுகிறாள், இனிச் சந்திக்க வேண்டாம் என்று. மறுநாள் தேவாலயத்தில் நீட்டுகிறாள், கொடுக்காமலே கையை இழுத்துக்கொள்கிறாள். வண்டியிலிருந்து பறந்தது அதுவாகத்தான் இருக்க வேண்டும். நாங்கள் மூன்று தடவை வாசித்தும் இது பிடிபடவில்லை, பிடிபட்டபோது கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

பென்சிலால் கேட்ட அண்ணனோ தம்பியோ இந்த மலரை வாசித்தால், விடை அதற்குச் சில பக்கம் முன்னாலேயே இருக்கிறது.