பேஸ்போர்டு: மூலையில் பலகைகள் சேரும் விதம்

கனடாவில் குளிர்காலம் பாதியைக் கடந்து, ஹீட்டிங் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும் நாட்களில், அறையின் மூலையில் சற்றுக் குனிந்து பார்த்தால் பல வீடுகளில் ஒரே காட்சிதான் தென்படும். சுவரின் அடியை ஒட்டி ஓடிவரும் இரண்டு பேஸ்போர்டு பலகைகள் சந்திக்கும் இடத்தில், மேலிருந்து கீழாக ஒரு கரிய கோடு விழுந்திருக்கும். கோடையில் அது இருந்திருக்காது. இருந்தாலும் இடைவெளியை அடைக்கும் கால்க் பசையும் பெயின்டும் அதை மறைத்திருக்கும். மார்க்கம் (Markham) நகரில் உள்ள எங்கள் வீட்டில் பழைய கம்பளங்களை எடுத்துவிட்டு லேமினேட் தரை போட்டபோது, எல்லா அறைகளுக்கும் பேஸ்போர்டை நானே புதிதாகப் பொருத்தினேன். அந்த வேலையில் எனக்கு உறுதிப்பட்ட ஒன்றைத்தான் இங்கே எழுதுகிறேன்: உள்மூலையில் இரண்டு பலகைகளையும் 45 டிகிரியில் வெட்டிச் சேர்க்கக் கூடாது, ஒன்றை மற்றொன்றின் வடிவத்துக்கு ஏற்பக் குடைந்து சேர்க்க வேண்டும்.

நம் ஊர் வீடுகளில் செங்கல் சுவரின் பூச்சு தரை வரை இறங்கிவிடும். அதன் அடியில் டைல்ஸையோ கிரானைட்டையோ சிமென்டில் ஒட்டி ஸ்கர்ட்டிங் வைப்பார்கள். இங்கே சுவர் என்பது மரச்சட்டங்களின் மேல் அறையப்பட்ட டிரைவால் என்னும் ஜிப்சம் அட்டை. அந்த அட்டை தரையைத் தொடாமல் சுமார் அரை அங்குலம் மேலே நிற்கும். லேமினேட் தரையும் சுவரைத் தொடாமல், விரிவதற்கென்று கால் அங்குலமாவது இடைவெளி விட்டுப் போடப்படும். இந்த இரண்டு இடைவெளிகளையும் மறைப்பதுதான் பேஸ்போர்டின் முதல் வேலை. அழகு அதற்கு அடுத்தபடிதான், ஆனால் மூலை சரியாக அமையாவிட்டால் கண்ணில் முதலில் உறுத்துவதும் அந்த அழகின்மைதான்.

மூலை சரியாக அமையாததற்குக் காரணம் பெரும்பாலும் ரம்பம் அல்ல, சுவர்தான். டிரைவால் அட்டைகள் சேரும் உள்மூலையில் காகித டேப் ஒட்டி, அதன் மேல் இரண்டு மூன்று முறை மட் என்னும் பூச்சுக்கலவையைப் பூசுவார்கள். அந்தப் பூச்சு மூலையில் தடித்து, விலக விலக மெலிந்து போகும். ஆகவே வரைபடத்தில் 90 டிகிரியாக இருக்கும் மூலை, கையில் மூலைமட்டத்தை எடுத்து வைத்துப் பார்க்கும்போது 91 ஆகவோ 92 ஆகவோ இருக்கும்; தரைமட்டத்தில் ஒரு கோணமும் நான்கு அங்குலம் மேலே வேறொரு கோணமும்கூட இருக்கலாம். அப்படிப்பட்ட மூலையில் 45 டிகிரியில் துல்லியமாக வெட்டிய இரண்டு பலகைகளை வைத்தால், துல்லியமே இடைவெளியாக மாறிவிடும். தற்செயலாகப் பொருந்திவிட்டாலும், மூலையருகே ஆணி அடிக்கும்போது பலகை சுவரை நோக்கிப் பின்னால் இழுபட்டு, சேர்ந்திருந்த முகம் திறந்துகொள்ளும். இதற்கெல்லாம் மேலாக, மரம் நீளவாக்கில் சுருங்குவது மிகச் சொற்பம் என்றாலும் குறுக்குவாக்கில் அது நன்றாகவே சுருங்கும். உலர்ந்த குளிர்காலக் காற்றில் பலகையின் தடிமன் குறையும்போது, சாய்வாக வெட்டப்பட்ட முகத்தின் கோணமும் மாறிவிடுகிறது. முன்பு சொன்ன கரிய கோடு பிறப்பது இப்படித்தான்.

குடைந்து சேர்க்கும் முறையைத் தச்சர்கள் இங்கே கோப்பிங் என்கிறார்கள். முதல் பலகையை நேராக வெட்டி, அதன் முனை சுவரின் மூலையில் முட்டும்படி வைத்துவிட வேண்டும். அந்த முனை கண்ணுக்குத் தெரியப்போவதில்லை என்பதால், அதில் சிறு இடைவெளி இருந்தாலும் கவலையில்லை. இரண்டாவது பலகையின் முனையைத்தான் முதல் பலகையின் முகவடிவம் எப்படி வளைந்து நெளிந்து இறங்குகிறதோ அப்படியே குடைய வேண்டும். குடைந்த விளிம்பு முதல் பலகையின் முகத்தில் அப்படியே போய் அமர்ந்துகொள்ளும். இப்போது மூலை 88 டிகிரியாக இருந்தால் என்ன, 92 ஆக இருந்தால் என்ன? விளிம்பு முகத்தைத் தொட்டுக்கொண்டேதான் இருக்கும். குளிர்காலத்தில் சற்று விலகினாலும், விலகலுக்குப் பின்னால் தெரிவது முதல் பலகையின் பெயின்ட் பூசிய முகமே தவிர, இருட்டு அல்ல.

குடைவதற்கான வரைகோட்டைத் தனியாக வரைய வேண்டியதில்லை என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த நுட்பம். இரண்டாவது பலகையின் முனையை, உள்மூலைக்கு வெட்டுவதைப் போலவே, கோணம் வைத்து வெட்டும் மைட்டர் ரம்பத்தில் 45 டிகிரியில் வெட்டினால், வெட்டிய சாய்முகமும் பலகையின் முன்முகமும் சந்திக்கும் ஓரத்தில் அந்தப் பலகையின் வடிவம் தானாகவே ஒரு கோடாகத் தோன்றிவிடும். பிரைமர் பூசிய வெள்ளைப் பலகையில் இந்தக் கோடு எளிதில் தெரியாது. பென்சிலின் கூரால் அல்லாமல் பக்கவாட்டால் அந்த விளிம்பை மெல்லத் தேய்த்தால், கோடு கறுத்துத் தெளிவாகிவிடும். பிறகு பலகையை மேசையோடு கிளாம்ப் போட்டு இறுக்கி, கோப்பிங் ரம்பத்தின் மெல்லிய அலகால் அந்தக் கோட்டை ஒட்டியே அறுக்க வேண்டும். அறுக்கும்போது ரம்பத்தைச் சற்றுச் சாய்த்துப் பிடித்து, முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்தில் கூடுதலாக மரம் போகும்படி செய்ய வேண்டும். ஐந்து டிகிரி சாய்வு போதும், பத்து டிகிரி போனாலும் தவறில்லை. முன்விளிம்பு மட்டுமே எதிர்ப்பலகையைத் தொட வேண்டும்; பின்னால் மரம் மிச்சமிருந்தால் அது முட்டிக்கொண்டு முன்விளிம்பைத் தள்ளி நிறுத்திவிடும்.

பலகையின் கீழ்ப்பகுதி பெரும்பாலும் தட்டையாக இருக்கும்; அந்த நீளத்தை ஜிக்சா என்னும் மின்ரம்பத்தால் விரைவாக அறுத்துவிடலாம். மேலே உள்ள வளைவுகளில்தான் பொறுமை வேண்டும். அலகு திரும்ப மறுக்கும் இடத்தில் அதைக் கட்டாயப்படுத்தாமல், பக்கவாட்டிலிருந்து ஒரு சிறு வெட்டுப் போட்டு வேண்டாத துண்டை உதிர்த்துவிட்டு, அங்கிருந்து மறுபடி தொடங்குவது நல்லது. அறுத்து முடிந்ததும், அதே வகைப் பலகையின் சிறு துண்டு ஒன்றை எதிரே வைத்துப் பொருத்திப் பார்க்கலாம். எங்கே முட்டுகிறது என்பது உடனே தெரிந்துவிடும். அந்த இடத்தை மட்டும் உருண்டை அரத்தாலோ, குச்சியில் சுற்றிய உப்புத்தாளாலோ இரண்டு மூன்று முறை தேய்த்தால் போதும்.

வரிசை இங்கே மிக முக்கியம். குடைவதை முதலில் முடித்துவிட்டு, அதன் பிறகே நீளத்தை அளந்து மறுமுனையை வெட்ட வேண்டும். குடைதல் சரியாக வராவிட்டால் இன்னும் ஓர் அங்குலம் தள்ளி மறுபடி குடைய அப்போதுதான் மரம் மிச்சமிருக்கும். நீளத்தையும் அளவுக்குச் சற்று மேலாக, ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூட்டியே வெட்டுகிறேன். பலகையின் நடுவை வில்போல வளைத்துப் பிடித்து, இரு முனைகளையும் அமர்த்திவிட்டு, நடுவை அழுத்தினால் அது இறுகிப் போய் உட்காரும்; குடைந்த விளிம்பும் எதிர்ப்பலகையின் முகத்தில் நன்றாக அழுந்தும்.

எந்தச் சுவரில் தொடங்குவது என்பதற்கும் ஒரு நியாயம் உண்டு. வாசலில் நின்று பார்த்தால் எதிரே தெரியும் சுவரின் பலகையை முதலில், இரு முனைகளும் நேர்வெட்டாக வைத்துவிட வேண்டும். இருபுறச் சுவர்களின் பலகைகள் அதன்மேல் குடைந்து முட்டட்டும். அறைக்குள் நுழைபவரின் பார்வை அந்தப் பக்கப் பலகைகளின் நீளத்தோடேயே போவதால், இணைப்பில் நூலளவு இடைவெளி இருந்தாலும் அதற்குள் கண் நுழையாது.

இவ்வளவு கவனமாகக் குடைந்தும் மூலையில் கீழ்ப்பகுதி பொருந்தாமல் போவதுண்டு. அப்போது குடைந்த விளிம்பைக் குறை சொல்வதற்கு முன் பலகை செங்குத்தாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். டிரைவால் அட்டையின் நீள ஓரங்கள் தொழிற்சாலையிலேயே மெலிந்து வருபவை. அந்த ஓரம் சுவரின் அடியில் வந்து, அதற்குக் கீழே அரை அங்குல வெற்றிடமும் இருந்தால், ஆணி அடித்தவுடன் பலகையின் அடிப்பாகம் உள்ளே சாய்ந்துவிடும். இதற்கு ஓர் எளிய தீர்வு இருக்கிறது. மூலையிலிருந்து ஓரிரு அங்குலம் தள்ளி, பலகைக்குப் பின்னால் மறையப்போகும் உயரத்தில், சுவரின் அடிச்சட்டத்தில் ஒரு டிரைவால் ஸ்குருவை முடுக்கி, அதன் தலை சற்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி விட வேண்டும். பலகையை அதன்மேல் சாய்த்து மூலைமட்டம் வைத்துப் பார்த்துவிட்டு, ஸ்குருவை அரைச் சுற்று உள்ளேயோ வெளியேயோ திருப்பினால் பலகை நிமிர்ந்துவிடும். அட்டைத் துண்டுகளை மடித்துச் சொருகுவதைவிட இது எவ்வளவோ மேல்.

வெளிமூலையில் குடைதல் உதவாது. இரண்டு பலகைகளின் முகங்களும் வெளியே தெரிவதால் அங்கே சாய்வெட்டுதான் வழி. ஆகவே கோணத்தை அளந்தே தீர வேண்டும். வெளிமூலையின் கூர்விளிம்பைப் பாதுகாக்க வைக்கும் உலோகப் பட்டையும் அதன் மேல் உள்ள மட் பூச்சும் சேர்ந்து மூலையைப் புடைக்கச் செய்திருக்கும். அதன்மேல் சாயும் பலகைகளுக்கு இடையிலான கோணம் பெரும்பாலும் 90க்குச் சற்றுக் குறைவாகவே வரும். கணக்கு எளிது: 180 டிகிரியிலிருந்து மூலையின் கோணத்தைக் கழித்து, மீதியைப் பாதியாக்க வேண்டும். 88 டிகிரி மூலைக்கு ஒவ்வொரு பலகையும் 46. கோணத்தையே பாதியாக்கி 44 என்று வெட்டினால், இணைப்பின் முன்பக்கம் பிளந்து நிற்கும். சுவரைவிட்டு வெளியே நீண்டு நிற்கும் பே விண்டோ ஜன்னல் இருக்கும் அறைகளில் இந்த வேறுபாடு இன்னும் பெரிதாகத் தெரியும். அங்கே மூலை 135 டிகிரி என்றால் ரம்பத்தில் வைக்க வேண்டியது 22.5, மைட்டர் ரம்பத்தின் தட்டில் அந்த இடத்தில் ஒரு காடியே இருக்கும்.

கணக்கே வேண்டாம் என்பவர்களுக்குத் தரையே காகிதம். மூலையின் எதிரே தரையில் மாஸ்கிங் டேப்பை ஒட்டி, ஒரு பக்கச் சுவரோடு பலகைத் துண்டு ஒன்றை, மூலையைத் தாண்டி நீளும்படி வைத்து, அதன் வெளிமுகத்தை ஒட்டிப் பென்சிலால் கோடு இழுக்க வேண்டும். மறுபக்கச் சுவரிலும் அவ்வாறே. இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் புள்ளியிலிருந்து சுவரின் கூருக்கு ஒரு கோடு போட்டால், சாய்வெட்டு ஓட வேண்டிய வழி அதுதான். எந்தக் கோணத்து மூலைக்கும் இது பொருந்தும். கோணத்தைப் பிடித்துவைக்கும் கருவியான பெவல் கேஜை அந்தக் கோட்டில் வைத்துக் கோணத்தை எடுத்து ரம்பத்துக்கு மாற்றிவிடலாம். நான் அதற்கும் மேலாக அரை டிகிரி கூட்டி வெட்டுவதையே விரும்புகிறேன். அப்போது முன்கூர்கள் முதலில் சந்தித்துக்கொள்ளும். இடைவெளி இருந்தால் அது பின்னால், கண்ணுக்கு எட்டாத இடத்தில் இருக்கும்.

வெட்டிய முகங்கள் இரண்டிலும் மரப்பசை தடவிச் சேர்த்து, சுவரில் ஆணி அடித்த பிறகு, இணைப்பின் குறுக்கே இரு பக்கங்களிலிருந்தும் மெல்லிய ஆணிகளை அடித்தால், வருகிற குளிர்காலத்தில் அது எளிதில் திறக்காது. பசை காய்வதற்கு முன், ஸ்குருடிரைவரின் வழவழப்பான தண்டால் மூலையின் கூர்விளிம்பை மேலும் கீழுமாக அழுத்தித் தேய்த்தால், பைன் மரத்தின் நார்கள் மடிந்து மெல்லிய பிளவு இருந்தாலும் மூடிக்கொள்ளும். சுவரின் கூரே உருண்டையாக வார்க்கப்பட்ட வீடுகளில், இரண்டு பலகைகளுக்கு நடுவே ஒரு சிறு துண்டை வைத்து, இரு இணைப்புகளையும் 22.5 டிகிரியில் வெட்டிச் சேர்ப்பது வழக்கம்.

பலகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப் பலகை மலிவானது, நெளியாமல் நேராக இருப்பது. ஆனால் குடையும்போது அதன் மெல்லிய விளிம்பு எளிதில் உதிர்ந்துவிடும், ஈரம் பட்டால் உப்பிவிடும். குளியலறைக்கும் பேஸ்மென்டுக்கும் அதை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன். பிரைமர் பூசிய பைன் குடைவதற்கு இணக்கமானது. வாங்கிவந்து சில நாட்கள் அதே அறையில் கிடத்திவிட்டுப் பிறகு வெட்டுவது நல்லது. இப்போது பலரும் விரும்பும், வளைவே இல்லாத தட்டைப் பலகையாக இருந்தால், உள்மூலையில் குடைவதற்கு எதுவும் இல்லை. ஒன்றன் முகத்தில் மற்றொன்றை நேராக முட்டவிட்டாலே போதும்.

எல்லாம் முடிந்த பிறகு ஆணித் துளைகளை ஃபில்லரால் அடைத்து, பலகையின் மேல்விளிம்பு சுவரைத் தொடும் கோட்டிலும் உள்மூலைகளிலும் அக்ரிலிக் கால்க்கை மெல்லிய இழையாக விட்டு, ஈர விரலால் ஒரே இழுப்பில் வழித்துவிட வேண்டும். சிலிகான் கால்க்கின் மேல் பெயின்ட் ஒட்டாது என்பதால் அதைத் தவிர்க்க வேண்டும். பலகைக்கும் லேமினேட் தரைக்கும் இடையில் கால்க்கும் கூடாது, தரையில் இறங்கும்படி ஆணியும் கூடாது. பருவத்துக்குப் பருவம் அந்தத் தரை பலகையின் அடியில் தடையில்லாமல் நகர வேண்டும்.