முரண்பாட்டோடு வருகிறவர்கள்

கத்தோலிக்கத் திருச்சபையில் சேர விரும்பி வரும் பெரியவர்களுக்கு மறைக்கல்வி சொல்லிக்கொடுப்பது என் பணி. வருகிறவர்களில் பலருக்கு ஏதோ ஒரு போதனை மனசுக்கு ஒப்புவதில்லை. கருத்தடை, மணமுறிவுக்குப் பிந்தைய மறுமணம், பெண்களுக்குக் குருத்துவம் இல்லை என்பது, பெரும்பாலும் இவைதான். எதிர்ப்பக்கத்திலிருந்தும் வருவார்கள். மரண தண்டனையை ஏற்கவே முடியாது என்று 2018இல் போப் பிரான்சிஸ், திருச்சபைப் போதனைகளின் தொகுப்பான மறைக்கல்வி ஏட்டைத் திருத்தினாரே, மற்ற எல்லாம் சரி, அது மட்டும் கூடாது என்பார்கள்.

சொன்னால் சேர்க்க மாட்டார்களோ என்ற பயத்தில் ஆரம்ப வகுப்புகளில் யாரும் வாய் திறப்பதில்லை. "தலையாட்டிவிட்டுப் போங்கள், யார் கேட்கப் போகிறார்கள்" என்று அவர்களுக்கு ஆலோசனை சொல்லும் கத்தோலிக்கர்களும் உண்டு. எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. சேரும் நாளில் கடவுள் முன்னால் சொல்லப்போகும் வார்த்தை அது.

வேறு சபையில் ஏற்கெனவே திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெற்றவருக்கு மறுபடி திருமுழுக்குக் கிடையாது. விசுவாச அறிக்கையைச் சொல்லி, கூடவே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும்: புனித கத்தோலிக்கத் திருச்சபை கடவுளால் வெளிப்படுத்தப்பட்டதாக நம்பி, போதித்து, பறைசாற்றும் அனைத்தையும் விசுவசிக்கிறேன் என்று. அப்படி வந்த ஒரு செவிலியரிடம் அதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். விரலை வைத்து வாசித்தவர், 'கடவுளால் வெளிப்படுத்தப்பட்டதாக' என்ற இடத்தில் நின்றார்.

"அக்கா, கருத்தடை கூடாதுன்னு சொல்றதும் இதுக்குள்ள வருமா?"

கேட்க வேண்டிய கேள்வி. எல்லாப் போதனைக்கும் ஒரே எடை இல்லை. மரியா உடலோடும் ஆன்மாவோடும் விண்ணகத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டார் என்ற விண்ணேற்பை 1950இல் போப் பன்னிரண்டாம் பயஸ் விசுவாசக் கோட்பாடாகவே அறிவித்தார். அதை மறுத்தால் விசுவாசத்தையே மறுத்ததாகும். போப் ஆறாம் பவுல் 1968இல் கருத்தடை பற்றி எழுதிய சுற்றுமடல் அந்த வகை அறிவிப்பு அல்ல. ஆனால் அதனால் தள்ளிவிடலாம் என்றும் ஆகாது. அப்படி அறிவிக்காத போதனைக்கும் மனமும் அறிவும் பணிய வேண்டும் என்று உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் சொல்கிறது. இரண்டையும் சொன்னேன். இரண்டாவதைக் கேட்டதும் அவர் முகம் வாடிவிட்டது.

மனச்சான்றுக்கு எதிராகச் செயல்பட யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது, அந்த மனச்சான்றைப் பயிற்றுவிக்கும் கடமையும் உண்டு என்று மறைக்கல்வி ஏடு சொல்வதை அன்று சேர்ந்து வாசித்தோம். இங்கிலாந்தில் ஆங்கிலிக்கன் குருவாக இருந்த ஜான் ஹென்றி நியூமனைப் பற்றியும் பேசினோம். 1845இல் கத்தோலிக்கரானவர் அவர். போப்பின் வழுவாவரத்தை, அதாவது விசுவாசம், ஒழுக்கம் பற்றி அவர் அறுதியாக அறிவிப்பது தவறாகாது என்பதை, 1870இல் கோட்பாடாக அறிவிக்க முனைந்தபோது, இப்போது வேண்டாமே என்று கலங்கியவர். அறிவித்த பின் ஏற்றுக்கொண்டார். ஆனாலும் 1875இல், வாழ்த்துச் சொல்வதென்றால் முதலில் மனச்சான்றுக்கு, அப்புறம்தான் போப்புக்கு என்று எழுதினார். இப்போது அவர் புனிதர்.

செவிலியர் அவகாசம் கேட்டார். இப்படிச் சேர்கிறவர்கள், பெரியவர்களுக்கு வழக்கமாகத் திருமுழுக்குத் தரும் பாஸ்கா இரவுக்காக (ஈஸ்டருக்கு முந்தைய இரவு) காத்திருக்க வேண்டியதில்லை என்பதால் அது சிக்கலும் இல்லை. பங்குத்தந்தையிடம் பலமுறை பேசினார். சில மாதங்கள் கழித்து அந்த வாக்கியத்தைத் தடுமாறாமல் சொல்லிச் சேர்ந்தார். கருத்தடை விஷயத்தில் அவருக்கு இன்னும் தெளிவு வரவில்லை. அதை என்னிடம் மறைப்பதும் இல்லை.

எனக்குக் கவலை தருவது, திருமணத் தேதி நெருங்குகிறதே என்று எல்லாவற்றுக்கும் சரி சொல்லும் ஆட்கள்தான். அவர்களிடம் பேசவே ஒன்றும் கிடைப்பதில்லை. அதனால் அந்தத் தாளை இப்போதெல்லாம் வகுப்பு தொடங்கும்போதே எல்லோர் கையிலும் கொடுத்துவிடுகிறேன்.