ஆர்.ஆர். லைரே: பண்டாரவளைக் குறிப்புகள்

ஜூலை 12
ஆர்.ஆர். லைரே, விரிந்து சுருங்கித் துடிக்கும் நட்சத்திரம். இரவு 11.40க்கு அதன் ஒளி ஏறத் தொடங்கும் கணக்கு. 11.15க்கே பள்ளத்திலிருந்து மிஸ்ட் ஏறி மூடிவிட்டது. ஒரு பிரேம்கூட இல்லை.

ஜூலை 13
ஒரு துடிப்பு 13 மணி 36 நிமிடம். அடுத்த வாய்ப்பு பின்னிரவு 2.52, அப்போது நட்சத்திரம் மேற்கே 38 பாகைக்கு இறங்கியிருக்கும். வேண்டாம். ஏழு துடிப்பு என்றால் நான்கு நாளுக்கு 46 நிமிடம் குறைவு. 16ஆம் திகதி, 10.54.

ஜூலை 16
கச்சான் காற்று, தெளிந்த வானம். 10 அங்குலத் தொலைகாட்டி, ஒளியை நிறமாலையாகப் பிரிக்க மில்லிமீற்றருக்கு 1200 கோட்டு கிரேட்டிங், ஒளி நுழைய 23 மைக்ரோன் பிளவு. பிரேமுக்கு 300 செக்கன், அதற்கு மேல் கூடாது. நட்சத்திரத்தின் வாயுவைத் தள்ளிக்கொண்டு மேலேறும் அதிர்ச்சி அலை வெளிப்படும் கட்டமே முக்கால் மணிக்குள் அடங்கிவிடும். நீட்டி எடுத்தால் எல்லாம் ஒன்றாய்க் கரைந்துபோகும். அலைநீளத்தைச் சரிபார்க்க மூன்று பிரேமுக்கு ஒருமுறை நியோன் விளக்கு: குளிர் ஏற ஏறக் கோடு நகர்கிறது.

ஜூலை 17
ஐதரசனின் சிவப்புக் கோடான ஐதரசன் அல்பாவின் நீலப் பக்கத்தில், அலைநீளம் 6560 ஆங்ஸ்ட்ரம் அருகே, ஒரு சின்ன மேடு. அலைக்குப் பின்னால் சூடேறிய வாயு ஒளிர்ந்தால் அங்கேதான் தெரியவேண்டும்: நட்சத்திரமே நொடிக்கு 72 கிலோமீற்றர் வேகத்தில் நம்மை நோக்கி வருகிறது, கோடு ஒன்றரை ஆங்ஸ்ட்ரம் நகர்ந்துதான் இருக்கும். ஆனால் நம் காற்றின் நீராவியும் 6557இலும் 6564இலும் பள்ளம் தோண்டுகிறது. இரண்டு பள்ளத்துக்கு நடுவே எந்தச் சமதரையும் மேடாகத்தான் தெரியும். இந்த மலையில் ஈரத்துக்கா பஞ்சம்?

ஜூலை 18
நீராவியின் பள்ளங்களை நீக்க, பக்கத்துப் பிரகாசமான நட்சத்திரம் வேகாவின் நிறமாலையால் வகுத்தேன். மேடு பாதியானது. மற்றப் பாதி?

ஜூலை 19
பிழை அகப்பட்டது. வேகாவை எடுத்தது 9.40க்கு, நட்சத்திரத்தை எடுக்கும்போது காற்றில் ஈரம் கூடியிருந்தது. ஒரே பாகை உயரத்தில், முன்னும் பின்னும் இரண்டு முறை வேகா வேண்டும்.

ஜூலை 20
10.08. வேகா, நட்சத்திரம், வேகா. மேடு நிற்கிறது! மூன்று பிரேமில், பிறகு இல்லை. நீராவி அப்படி வந்து போகாது.

இரும்புக் கோடுகள் இரண்டாகப் பிளக்கின்றனவா என்று பார்க்க இந்த கிரேட்டிங் போதாது. மேலடுக்கு இன்னும் விழுந்துகொண்டிருக்க, கீழடுக்கை அலை மேலே தள்ளும். இரண்டு வேகம், இரண்டு கோடு. 1952இல் வானியலாளர் சுவார்ஸ்சில்ட் சொன்ன விளக்கம் அது. 2400 கோட்டு கிரேட்டிங் போட்டால் கோடு பிளப்பது தெரியலாம், ஒளி போதுமா?

ஜூலை 23
துடிப்பின் வலு மெல்ல ஏறி இறங்கும் பிளாஷ்கோ சுழற்சி ஏறத்தாழ 39 நாள். உச்சம் தாண்டினால் அலையின் வலுவும் இறங்கும். நாளை 9.22.

ஜூலை 24
8.50. மிஸ்ட் கீழேதான் இருக்கிறது. வில்லையில் பனி படியாதிருக்க ஹீட்டர் பட்டி போட்டாயிற்று. முதல் வேகா